கொல்லிமலையில் உப்பு படாத நார் தேடி

சேந்தமங்கலம் வந்து சேரும்வரை என் கோபமெல்லாம் பஸ்ஸின் மேல்தான் இருந்தது. யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவை எஞ்சினுக்குள் விட்டு ஓட்டினார்கள். மேட்டைக் கண்டால் பஸ் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறுவான். கிளறியும் நகராவிட்டால், "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க, பொம்பளைங்க உக்காந்தபடியே சாமி கும்பிடுங்க" என்று கத்துவான். நான் கோட்டும் தொப்பியுமாக ஜன்னலோரம் அசையாமல் இருந்தேன்.

"தொப்பி போட்டவரும் தள்ளலாமுங்க. பஸ்ஸுக்கு ஆள் வித்தியாசம் தெரியாதுங்க" என்றான் கண்டக்டர்.

தள்ளினேன். கோட்டெல்லாம் கரி. சேந்தமங்கலத்தில் இறங்கியபோது, தங்கச் சுரங்கத்து ஆள் வருவதாகக் கடிதம் கண்டு காத்திருந்த மண்டிக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க தங்கச் சுரங்கமா, நிலக்கரிச் சுரங்கமா?" என்று கேட்டார்.

இந்தப் பயணத்தை நண்பர்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். பஸ், அட்டை, களி என்று வரிசையாகச் சொன்னால் நன்றாகச் சிரிப்பார்கள். கடைசிப் பகுதியை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. வயதாகிவிட்டது. இப்போது முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் மைசூர் சமஸ்தானத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தில் கயிறு சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஆட்களைக் கூண்டில் வைத்து இறக்கி ஏற்றும் கயிறு. எஃகுக் கம்பிகளை முறுக்கிப் புரியாக்கி, அந்தப் புரிகளை நடுவில் ஒரு நார்த்திரியைச் சுற்றி மறுபடி முறுக்குவார்கள். வெளியே எஃகு, நெஞ்சில் நார். அந்தத் திரி எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு, கயிறு வளையும்போதெல்லாம் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். திரி கெட்டுப்போனால் கம்பிகள் ஒன்றையொன்று அரைக்கும், உள்ளேயே துரு ஏறும். வெளியே பார்த்தால் பளபளவென்று புதுக்கயிறு போலவே இருக்கும். அதுதான் பயம்.

எங்கள் சுரங்கம் மிக ஆழமானது. அவ்வளவு ஆழத்தில் கூண்டின் எடையைவிடத் தொங்கும் கயிற்றின் எடையே அதிகம். தன்னைச் சுமக்கவே கயிற்றின் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். மீதியை நம்பித்தான் மனிதர்கள் இறங்கினார்கள்.

யுத்தத்தில் இங்கிலாந்துக் கயிறு வருவது நின்றது. இருப்பில் இருந்த கம்பியை வைத்து நாங்களே முறுக்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. திரிக்கு நல்லது மணிலா நார். மணிலா ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. தென்னை நாரைப் பார்த்தோம். அதை உப்பங்கழியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். எஃகுக்கு உப்பு விஷம். உப்பு உள்ள திரியை வைத்து முறுக்குவது கயிற்றுக்குள் நாமே கரையானை விடுவது போல. "கடலையே பார்க்காத நார் வேண்டும்" என்றார் எங்கள் துரை. கொல்லிமலைச் சரிவுகளில் மருள் என்ற செடி நிறைய வளர்கிறது என்று யாரோ சொன்னார்கள். கத்தி போன்ற இலைக்குள் முடி போன்ற வெள்ளை நார். போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் சுத்தமாகச் செய்வித்து எடுத்துவா என்று என்னை அனுப்பினார்கள். நான் கொண்டுவரும் நாரில் ஆட்கள் தொங்கப்போகிறார்கள் என்பது புறப்படும்போதே எனக்குத் தெரியும்.

மண்டிக்காரர் மலை மிளகு வாங்கி விற்பவர். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. "மலைக்கா போறீங்க? மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வச்சிருக்கீங்களா? போன தாசில்தார் காய்ச்சலோடதான் எறங்கினார். அவருக்கு முந்தின தாசில்தாரை எறக்கினாங்க" என்று சொல்லிவிட்டு, மிளகு கொண்டுவந்திருந்த பொன்னனை எனக்கு வழிகாட்டியாகக் கொடுத்தார். பொன்னனுக்கு வயது நாற்பது இருக்கும். தலைமுண்டாசு, தோளில் கம்பளி, வாய் நிறைய வெற்றிலை.

மறுநாள் விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். அப்போது மேலே போக ரோடு கிடையாது. கல்லும் வேருமாக ஒரு தடம். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஒரு வெத்தலை மென்னு முடியற தூரமுங்க" என்றான் பொன்னன். அவன் ஒரு வெற்றிலையை மென்று துப்பி, அடுத்ததைப் போட்டு, அதையும் துப்பினான். மலை அப்படியே நின்றது.

"என்ன பொன்னா, வெற்றிலை முடிந்துவிட்டதே?"

"சாமி நடக்கற நடைக்கு இன்னொரு கவுளி வெத்தலை வேணுமுங்க."

வழியில் அட்டை. பூட்ஸின் கண்ணிகள் வழியாக உள்ளே போய் ரத்தம் குடித்தது. பொன்னன் வெறுங்காலோடு நடந்தான். அவனை அட்டை தொடவில்லை. காரணம் கேட்டேன். "தொட்டுச்சுங்க. நான் கூப்பாடு போடலீங்க" என்றான்.

மலைமேல் வளப்பூர் நாடு என்ற பகுதியில் அவன் ஊரின் எல்லைக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றச் சொன்னான். ஊருக்குள் சாமிப் பாறை இருக்கிறதாம், செருப்பே ஆகாதாம். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஊர் முழுக்கக் கூடி நின்று, கையில் பூட்ஸோடு நொண்டி வந்த என்னைப் பார்த்தது. ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: "ஏன்டா பொன்னா, இந்தச் சாமிக்குக் கால் அங்க இருக்கா, கையில இருக்கா?"

அவள் பொன்னனின் அக்கா சடைச்சி. கணவனை இழந்தவள், தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். எனக்குச் சமைத்துப் போட ஒப்புக்கொண்டவளும் அவள்தான். நல்ல உயரம், நல்ல குரல், யாருக்கும் அடங்காத வாய். அன்று சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். பசியில் அமிர்தமாக இருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த மலையில் நான் குறை சொல்லாமல் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தொடங்கியது எனக்குச் சோதனை. முதல் நாள் காலையில் ஆட்களைக் கூப்பிட்டேன். இலையை எப்படி அறுப்பது, கொண்டு போயிருந்த இரும்புச் சீப்பால் சதையை எப்படிச் சீவி எடுப்பது, ஓடையில் எப்படி அலசுவது, நிழலில்லாத பாறையில் எப்படிக் காயவைப்பது எல்லாவற்றையும் விளக்கினேன். அழுக வைக்கக் கூடாது, சாம்பல் போடக் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிறகு கலைந்து போனார்கள். பக்கத்து ஊரில் ஒரு சாவாம்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் பச்சையை அறுக்க மாட்டார்களாம். அதற்கு அடுத்த நாள் மழை. அதற்கும் அடுத்த நாள் சாமைக்காட்டில் களை. நான் கூரை ஓரத்தில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பலாமரம்கூடத் தெரியவில்லை. எங்கள் சுரங்கக் கேம்பில் சங்கு ஊதினால் ஊரே எழுந்து ஓடும், ஷிப்டுக்கு ஒரு நிமிஷம் தாமதமானால் அரைச் சம்பளம் போகும். இங்கே நேரத்துக்குப் பெயரே கிடையாது. "வாரேனுங்க" என்பார்கள். எப்போது என்று கேட்டால் என்மேல் இரக்கப்பட்டதுபோல் பார்ப்பார்கள்.

கம்பளியில் தெள்ளுப்பூச்சி. காலையில் களி, மத்தியானம் களி. களியை விரலால் குழித்து, குழம்பை ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டும். எனக்கு மென்றுதான் பழக்கம்.

"மென்னா களி கோவிச்சுக்குமுங்க" என்றாள் சடைச்சி.

"எனக்கும் கோபம் வரும் என்று களியிடம் சொல்லு."

"அதைத்தான் வந்ததுலேருந்து பாத்துக்கிட்டு இருக்கோமே, கண்ணு."

என்னைவிடச் சின்னவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஐந்தாறு நாள் இப்படிப் போன பிறகு ஒரு மாலையில் பொறுமை போய்விட்டது. களத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"இந்த நார் எதற்கென்று நினைத்தீர்கள்? கட்டில் பின்னவா? மாடு கட்டவா? ஆள் தொங்க! உங்கள் மலை எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு ஒரு கிணறு. அதில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஆட்கள் தோளோடு தோள் நெருக்கி நிற்பார்கள். அவர்களுக்கு மேலே ஒரே ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் நெஞ்சுதான் இந்த நார். நீங்கள் களை பிடுங்கப் போகிறீர்கள், சாவுக்குப் போகிறீர்கள்!"

வெற்றிலை மெல்லுவதுகூட நின்றது.

"அம்புட்டு ஆழத்துல என்னங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"தங்கம்."

"எடுத்து என்ன பண்ணுவாங்க?"

"கட்டியாக்கி, சீமைக்கு அனுப்பி, பூமிக்கு அடியில் அறை கட்டிப் பூட்டி வைப்பார்கள்."

பொன்னன் சிரித்துவிட்டான். "அப்ப இங்க தோண்டி அங்க பொதைக்கிறாங்க. அதுக்கு நடுவுல ஆள் தொங்கறானுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சடைச்சி மட்டும் சிரிக்கவில்லை. "தெனமும் எறங்குவாங்களா?" என்று கேட்டாள்.

"தினமும். மூன்று ஷிப்டு."

"பொண்டாட்டி புள்ளைக இருக்கறவங்களா?"

"எல்லாருக்கும் இருக்கிறார்கள்."

அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது என் தூக்கத்தைக் கலைத்தது சீப்பின் சத்தம். ஊரே வேலையில் இருந்தது. ஆண்கள் சரிவிலிருந்து மருளை அறுத்துக் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்தார்கள். பெண்கள் பலகையில் இலையை வைத்து இழுத்து இழுத்துச் சீவினார்கள். பச்சைச் சதை வழிய, உள்ளிருந்து நார் வெள்ளையாகப் புறப்பட்டது. இலைச்சாறு பட்டுக் கை அரித்தது. முழங்கை வரை தடித்துச் சிவந்தவர்களும் நிறுத்தவில்லை. நான் அவர்களுக்கு நடுவே நடந்து, இது தடித்தது, இதில் சதை நிற்கிறது, இதை மறுபடி அலசு என்று சொல்லிக்கொண்டே போனேன். என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமை. இன்னும் முன்பே கத்தியிருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

நார் நன்றாக இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. நீளம், வெண்மை, இழுத்தால் கையை அறுக்கும் பலம். வெயில்தான் வஞ்சித்தது. ஒரு நாழிகை அடிக்கும், மூடுபனி வந்து போர்த்தும். நாரை விரிப்பதும் சுருட்டுவதுமாகப் பல நாள் போயிற்று. எனக்கு லேசாகக் காய்ச்சல் வேறு. கொய்னாவில் காது இரைந்தது.

ஒருவழியாக நார் காய்ந்து, கட்டுவதுதான் பாக்கி என்று இருந்த நாளில் மத்தியானச் சாப்பாட்டில் உப்பு இல்லை. குழம்பில் இல்லை, கீரையில் இல்லை, களியிலும் இல்லை.

"உப்பு எங்கே?"

"இல்லீங்க" என்றாள் சடைச்சி. "சந்தைக்கு ஆள் போவணும்."

"பக்கத்து வீட்டில் வாங்கக் கூடாதா?"

"அங்கயும் இல்லீங்க."

இரவும் அப்படியே. மறுநாள் காலையும் அப்படியே. வாய் கெட்டுக் காய்ச்சலில் கிடப்பவனுக்கு உப்பில்லாத களியைப் போட்டால் என்ன சொல்வான்? நான் தட்டைத் தள்ளிவைத்தேன். ஒரு ஊரில் ஒரு வீட்டில்கூட உப்பு இல்லாமல் இருக்குமா, என்னை விரட்டப் பார்க்கிறீர்களா என்று பொன்னனிடம் சத்தம் போட்டேன். அவன், "ரெண்டு நாள்தானுங்க. சந்தைக்கு ஆள் போயிருக்கு" என்று மட்டும் சொன்னான். அவனும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கோபத்தோடு நாரைப் பார்க்கப் போனேன். பாறைமேல் வரிசையாக நார்க் கற்றைகள். வெயிலில் அவற்றின்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு மினுங்கியது. முதலில் நார்த்தூள் என்று நினைத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

பொன்னனைக் கூப்பிட்ட என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் சடைச்சியும் வந்தாள். இருவர் முகத்திலும் பயமில்லை. விருந்துக்கு வந்தவன் பலகாரத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்பதுபோல் ஒரு கூச்சச் சிரிப்பு.

"தெரிஞ்சுபோச்சுங்களா?" என்றான் பொன்னன்.

சடைச்சிதான் விளக்கினாள். அவர்கள் தேன் எடுக்க மலை முகட்டிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள். ஆள் இறங்கும் எந்தக் கயிற்றுக்கும் நாரை முறுக்குவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஒரு பிடி உப்புக் கொடுக்க வேண்டும். உப்புக் கொடுத்தவர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பதாகக் கணக்கு. மாடு கட்டும் கயிற்றுக்கும் கட்டில் கயிற்றுக்கும் அது தேவையில்லை.

"நீங்க ஆள் தொங்கறதுன்னு அன்னைக்குத்தானே சொன்னீங்க, சாமி. மொதல்லயே சொல்லியிருந்தா உப்புச் சேத்து வச்சிருப்போம். இம்புட்டு நாரையும் முக்கப் பத்தாம, இருந்ததையெல்லாம் கரைச்சு மேலால தெளிச்சாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கூட்டுக்காரர் போனது உப்புப் போடாத கயித்துலங்க. அவசரத்துக்கு மாடு கட்டற கயித்தை எடுத்துக்கிட்டு எறங்கிட்டாரு" என்றாள்.

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ கூடாதுகளைச் சொல்லியிருந்தேன். கடலுக்கு இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில் உப்புக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

உப்பு இரும்பை அரிக்கும் என்று கடைசியில் சொன்னேன். சடைச்சி என்னை நம்பாமல் பார்த்தாள். அவர்கள் கயிற்றில் இரும்பு கிடையாது. பொன்னன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "வேண்டாம்னா அலசிரலாமுங்க. ஓடையில போட்டு ரெண்டு மூணு தடவை எடுத்தா உப்புப் போயிரும். ஆனா மறுபடி காயணுமே. இந்தப் பனிக்கு ஒரு வாரம் ஆகும், பத்து நாளும் ஆகும்."

சடைச்சி அவனை முறைத்தாள். பிறகு, "சாமி சொன்னா அலசறோம்" என்றாள்.

இன்னும் பத்து நாள். களி, தெள்ளுப்பூச்சி, மூடுபனி, காதில் இரைச்சல். நான் அந்தக் கற்றைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரியை எப்படியும் சூடான கொழுப்பில் காய்ச்சுவோம், உப்பு அதில் அடங்கிப்போகும் என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது படித்த எனக்குத் தெரியும். கொழுப்பில் உப்புக் கரையாது, அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். தெரிந்தும் சொன்னேன்.

"வேண்டாம். கட்டுங்கள். நாளைக்கு இறங்குகிறேன்."

சடைச்சியின் முகம் மலர்ந்தது. தன் பேச்சை நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிட்டாள். மறுநாள் இறங்கும்போது எனக்கு வாழையிலையில் தேனடை கட்டிக் கொடுத்தாள். வழியெல்லாம் எறும்பு மொய்த்தது. அதற்கும் நான் எரிந்து விழுந்தேன்.

நார் திரியாயிற்று, திரி கயிறாயிற்று. முதலில் வெறும் எடையை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். கயிறு அருமையாக நின்றது. துரை என் முதுகில் தட்டினார். பிறகு ஆட்கள் ஏறினார்கள். உப்பைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் சுரங்கக் கிணற்று வாயருகே நான் போவதை நிறுத்திக்கொண்டேன். கூண்டு இறங்கும் மணி அலுவலகம் வரைக்கும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் கையில் உள்ள வேலையை நிறுத்தி, அது கீழே சேர்ந்த மணி அடிக்கும்வரை காத்திருப்பேன்.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கூண்டை மாட்டும் நுனியில் கயிற்றைக் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். முறை வந்ததும் வெட்டினார்கள். வெளியே கம்பிகள் மின்னின. புரிகளை நெம்பித் திறந்ததும் உள்ளே செந்தூள் கொட்டியது. நெஞ்சை ஒட்டியிருந்த கம்பிகளில் அம்மைத் தழும்புபோல் குழி. இன்னொரு துண்டை இழுத்துப் பார்க்கும் யந்திரத்தில் மாட்டினோம். தாங்க வேண்டிய எடைக்கு வெகு முன்பே அது அறுந்தது. அன்று காலைவரை ஆட்கள் அதில் போய் வந்திருந்தார்கள்.

அன்றே கயிற்றை இறக்கிவிட்டோம். யாரும் சாகவில்லை. இதை நான் பல வருஷம் எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன்.

துரை திரியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது எப்படி வந்தது?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "எடை கூட்டுவதற்காக மலைக்காரர்கள் உப்புத் தண்ணீரில் நனைத்திருக்கிறார்கள், ஐயா. காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை."

"திருட்டுப் பயல்கள்" என்றார் துரை. நான் மறுக்கவில்லை. மண்டிக்கும் அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மலையில் விட்டுவிட்டு வந்த இரும்புச் சீப்புகள் கம்பெனிக் கணக்கில் இருந்தன. யுத்த காலத்தில் இரும்பை அப்படியே விடக்கூடாதாம். போய் வாங்கி வா என்றார்கள். மறுபடி கரி பஸ், மறுபடி தள்ளல். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே இறங்கித் தள்ளினேன்.

நான் சேந்தமங்கலம் சேர்ந்த அன்று சந்தை. மண்டி வாசலில் கூட்டம். நடுவில் பொன்னனும் சடைச்சியும், அவர்கள் ஊர் ஆட்கள் நாலைந்து பேரும். பக்கத்தில் மருள் நார்க் கட்டுகள். நான் கேட்காமலே அடுத்த பாரத்தைச் செய்து தலையில் சுமந்து இறக்கியிருக்கிறார்கள்.

மண்டிக்காரர் எல்லார் முன்னாலும் கத்திக்கொண்டிருந்தார். "கம்பெனியிலேருந்தே எழுதியிருக்கான்! தண்ணியில முக்கி எடை ஏத்தற வேலை எல்லாம் எப்பக் கத்துக்கிட்டீங்க? இத்தனை வருசமா மெளகுலயும் இதத்தான் பண்ணினீங்களா?" தராசுக்காரன் அவர்களுடைய மிளகு மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து கையை விட்டுப் பார்த்தார்கள்.

பொன்னன் என்னைக் கண்டுவிட்டான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவது?

"இதோ சாமியே வந்துட்டாருங்க! அவரையே கேளுங்க. அலசறோம்னு நாங்க சொன்னமா இல்லையா? வேண்டாம்னு சொன்னது யாருன்னு கேளுங்க!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மண்டிக்காரர், "சொல்லுங்க ஐயா" என்றார். ஒரு வார்த்தை போதும். ஆமாம், நான்தான் என்றால் போதும். நான் தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டேன்.

"கம்பெனியில் விசாரணை நடக்கிறது. இப்போது நான் ஒன்றும் சொல்வதற்கில்லை."

பொன்னனுக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். மண்டிக்காரர் தராசுக்காரனைப் பார்த்து, "இனிமே இந்த ஊர் மெளகுக்கு எடையில ஈரம் கழிச்சுப் போடு" என்றார். அந்த ஊர் மிளகுக்கு அன்றிலிருந்து பல வருஷம் அப்படித்தான் கழித்தார்களென்று பின்னால் கேள்விப்பட்டேன். காய்ந்த மிளகுக்கும் கழித்தார்கள்.

சடைச்சி என் எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்க, அந்தக் கயித்துல ஆள் எறங்கினாங்களா?"

"இறங்கினார்கள்."

"அறுந்துச்சுங்களா?"

"இல்லை."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலையே?"

"இல்லை."

அவள் தம்பி பக்கம் திரும்பி, "போதும் வாடா. கயிறு நின்னுருக்கு. இவங்க என்ன வேணா பேசட்டும்" என்றாள். குனிந்து ஒரு கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் தூக்கிக்கொண்டார்கள். கொண்டுவந்த பாரத்தோடு மலையைப் பார்த்து நடந்தார்கள்.

எனக்குத் திருப்பித் தரக் கொண்டுவந்திருந்த சீப்புகளை மண்டி வாசலில் ஒரு சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கழுவி, துரு ஏறாமல் எண்ணெய் பூசியிருந்தது. நான் அவற்றை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.